கோடா, புள்ளியா

என் அப்பா படகு வாங்க உறுவையாற்றுக்குப் போகப்போகிறார் என்று தெரிந்ததும் எங்கள் குப்பத்தில் இரண்டு நாளைக்கு வேறு பேச்சே இல்லை. எங்கள் வாசலுக்கு எதிரே கடல். கரையில் படகும் கட்டுமரமும் வரிசையாகக் கிடக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு, நெல்லும் கரும்பும் விளைகிற ஊருக்குப் படகு பார்க்கப் போகிறவரை என்னவென்று சொல்வது?

"இன்னாபா, அங்க களத்துமேட்டுல படகு காயப் போட்டிருக்காங்களாமே! ஒரு மரக்காலு இன்னா வெலன்னு விசாரிச்சிகினு வா" என்று வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கேலி செய்தார்கள்.

அப்பா சிரித்துக்கொண்டே கடந்துபோனார். கொஞ்ச நாளாகவே அவர் அப்படித்தான் இருந்தார். எதிரே யார் வந்தாலும் பார்க்காமல் போவார். குரல் கொடுத்தால்தான் நிற்பார். பெரியப்பாவோடு சேர்ந்து வைத்திருந்த கடல் படகில் தன் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டதிலிருந்து அவருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று பெரியம்மா கிணற்றடியில் சொன்னாளாம். அதை அம்மாவே வந்து எங்களிடம் சொன்னாள். அவளுக்குக் கோபமே வராதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிரெஞ்சுக்காரர் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. எனக்கு ஒன்பது வயது. மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் நான் படிக்கவில்லை என்பதால் அந்த வருடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா இனிமேல் கடலுக்குப் போகமாட்டார், சுண்ணாம்பாற்றில்தான் வலை போடுவார் என்பது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. "உங்கப்பன் கெளுத்தி புடிப்பாரு, நீ தவளை புடி" என்று என்னோடு விளையாடுகிறவர்கள் சொன்னார்கள். ஏன் கடலை விட்டீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். "எறாவுக்குத்தான்டா இப்ப வெல. ஆத்துல புடிச்சா அன்னன்னைக்கே வித்துடலாம்" என்றார். நான் நம்பவில்லை. ஆனாலும் மறுத்துப் பேச எனக்கு அப்போதும் வராது, இப்போதும் வராது.

பங்கு பிரித்ததில் கைக்கு வந்தது முப்பது ரூபாய். அதில் புதுப் படகு வாங்க முடியாது. பழையது வாங்கலாம். ஆனால் ஒருமுறைதான் வாங்கலாம். ஓட்டைப் படகாக அமைந்துவிட்டால் அப்பா யாரிடமாவது கூலிக்குத் துடுப்புப் போடவேண்டியதுதான்.

உறுவையாற்றுக்கு முன்னால் பார்த்த முதல் படகு தவளக்குப்பத்துப் பக்கம் ஆற்றோரம் கிடந்தது. புதிதாக நீல வண்ணம் பூசி, முகப்பில் இரண்டு கண் எழுதியிருந்தார்கள். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. அப்பா பலகை பலகையாக விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். மோந்து பார்த்தார். இணைப்புகளில் தேங்காய் நாரும் குங்கிலியமும் திணித்திருந்த இடங்களைக் கட்டைவிரல் நகத்தால் கீறிக்கொண்டே வந்தார். பிறகு உச்சி வெயில் ஏறும்வரை காத்திருந்தார். படகைக் கவிழ்த்துப் போடச் சொல்லி, ஒரு பக்கம் கட்டை கொடுத்து, என்னை அடியில் நுழையச் சொன்னார்.

"உள்ள இருட்டா இருக்கும். கொஞ்ச நேரம் கண்ண மூடிக்க. அப்புறம் தெறந்து மேல பாரு. வெளிச்சம் கோடா தெரியுதா, புள்ளியா தெரியுதான்னு சொல்லு."

கோடாகத் தெரிந்தால் பயமில்லை. காய்ந்த பலகை சுருங்கி இடைவெளி விட்டிருக்கிறது, தண்ணீரில் ஊறினால் தானே மூடிக்கொள்ளும். புள்ளியாகத் தெரிந்தால் பூச்சி தின்றிருக்கிறது. அது மூடாது, பெருகும். இதைப் போகிற வழியில் அப்பா எனக்குச் சொல்லியிருந்தார்.

அந்த நீலப் படகுக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கண்ணைத் திறந்தேன். பட்டப்பகலில் நட்சத்திரம் பார்த்தது அன்றைக்குத்தான். பதினொன்று எண்ணினேன். ஆசைப்பட்ட படகாயிற்றே என்று மனசு அடித்துக்கொண்டாலும், வெளியே வந்து உள்ளதைச் சொன்னேன்.

"பொடியன் பேச்சக் கேட்டுகினு நல்ல படக வுடறியே" என்றார் படகுக்காரர்.

"அவன் கண்ணு தப்பு சொல்லாது" என்றார் அப்பா.

வீடு வரும்வரை நான் தரையில் நடக்கவில்லை.

பூச்சி உப்புத்தண்ணீரில்தான் இருக்கிறது, நல்ல தண்ணீரில் கிடந்த படகாகப் பார்ப்போம் என்று அப்பா முடிவு செய்தது அதற்குப் பிறகுதான். உறுவையாற்றில் ஒரு படகு சும்மா கிடக்கிறது என்று மீன் விற்கப் போன ஒரு அம்மாள் சொல்லியிருந்தாள். தை மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் கூழ் குடித்துவிட்டுக் கிளம்பினோம். ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வரப்புகளில் நடக்கும்போது அப்பா என்னை முன்னால் விட்டு, என் தோளில் கை வைத்துக்கொண்டே வந்தார். பாசம் என்று நினைத்துக்கொண்டேன். கை கனத்தது, எடுங்கள் என்று சொல்லவில்லை.

படகு ஆற்றங்கரையில் ஒரு சின்ன வீட்டுக்குப் பின்னால், இரண்டு பனந்துண்டுகளின்மேல் கவிழ்ந்து, ஓலை மூடிக் கிடந்தது. மீனெண்ணெய் தடவித் தடவி எருமை மாதிரி கறுத்திருந்தது. கண்ணும் இல்லை, வண்ணமும் இல்லை. அந்த வீட்டுக்காரர் கப்பலேறிச் சைகோனுக்குப் போய் இரண்டு வருடமாகிறதாம். முதல் வருடம் கடிதாசி வந்தது, பிறகு நின்றுவிட்டது. இதையெல்லாம் சொன்னது அவருடைய மைத்துனர். வீட்டுக்கார அம்மாள் வாசற்படியை விட்டு வரவில்லை.

"முப்பது ரூவா. ஒரு காசு கொறையாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றார் மைத்துனர்.

அப்பா தட்டினார், மோந்தார், நகத்தால் கீறினார். உச்சிவெயில் வந்ததும் ஓலையை எடுத்தார்கள். நான் அடியில் நுழைந்தேன். கண்ணை மூடப் போனபோது பக்கத்தில் யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"கத்தாதடா" என்றது ஒரு குரல்.

ஆறேழு வயதுப் பெண். ஆள் வருகிறது என்று தெரிந்து முன்னாலேயே வந்து ஒளிந்திருக்கிறாள். கண் பழகியதும் பார்த்தேன். அது ஒரு வீடாக இருந்தது. மூன்று கல் அடுப்பு, அதன்மேல் கொட்டாங்கச்சிச் சட்டி, மணல் சோறு, ஓரத்தில் வரிசையாகக் கிளிஞ்சல்.

"இது எங்கப்பா படகு. ஓட்டையா இருக்குதுன்னு சொல்லு. நீங்க வாங்காம போயிடுவீங்க இல்ல?" என்றாள்.

அவளுடைய அடுப்பு இடறாமல் நான் காலை மடக்கிக்கொண்டேன்.

"எங்கப்பா வந்து படகு எங்கன்னு கேட்டா நா இன்னா சொல்றது?" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெளியிலிருந்து அப்பா கேட்டார்: "இன்னாடா, கோடா, புள்ளியா?"

மேலே பார்த்தேன். மயிரிழைபோல இரண்டே கோடு. அப்படி ஒரு நல்ல படகை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

"புள்ளி" என்றேன். "நெறைய புள்ளி."

அவள் அழுதது ஒரு காரணம். அதை மட்டும் சொன்னால் என்னைப் பெரிய மனசுக்காரனாகக் காட்டிக்கொள்வதாகிவிடும். இந்தப் படகும் அமையாவிட்டால் அப்பா திரும்பப் பெரியப்பாவோடு கடலுக்கே போவார் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது.

வெளியே மைத்துனர் சத்தம் போட ஆரம்பித்தார். "இன்னா அண்ணே இது? வெல கொறைக்கறதுக்கு வூட்டுலயே சொல்லிக் குடுத்து இட்டாந்தியா? இந்தப் படகுல புள்ளியா? நாலு பேரக் கேட்டுப் பாரு!"

அப்பா குனிந்து என்னிடம் சொன்னார்: "புள்ளி எங்கெங்க இருக்குதோ, அங்கல்லாம் உள்ள இருந்து தட்டு."

நான் கையை நீட்டி ஒரு இடத்தில் தட்டினேன். வெளியே அதே இடத்துக்கு அப்பாவின் நகம் ஊர்ந்து வந்து நின்றது. கீறிப் பார்த்தது. பலகை வழுவழுவென்று இருந்திருக்கும்.

"அடுத்தது?"

இன்னொரு இடத்தில் தட்டினேன். நகம் அங்கே வந்தது. மூன்றாவது இடம். நான்காவது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு விரற்கடை மரம்தான். நான் தட்டுவது எனக்கே கேட்காத அளவுக்கு மெதுவாகிவிட்டது. அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு, நகம் போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"போதும். வெளிய வா" என்றார் அப்பா.

வந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. மைத்துனரும் அந்த அம்மாளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று மட்டும் தெரியும்.

"புள்ளி ஒண்ணும் இல்ல. வெயில்ல இருந்து திடீர்னு இருட்டுல போனான், கண்ணு பூத்துடுச்சி. சின்னப் புள்ளதானே" என்றார் அப்பா. இடுப்பு முடிச்சை அவிழ்த்து, முப்பது ரூபாயையும் வெற்றிலையில் வைத்து வாசற்படிக்குப் போய் அந்த அம்மாளிடமே நீட்டினார். ஐந்தோ ஆறோ குறைத்துக் கேட்டிருக்கலாம். என் பொய்யையே சாக்காக வைத்துக் கேட்டிருந்தால் அவர்கள் கொடுத்திருப்பார்கள்.

நாலு பேர் சேர்ந்து படகை நிமிர்த்தினார்கள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அடுப்புக்கும் சட்டிக்கும் நடுவில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். கூரையைத் தூக்கிவிட்ட வீடு மாதிரி இருந்தது.

"அடிப்பாவி!" என்று அந்த அம்மாள் கையை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அடிக்காதம்மா" என்றார் அப்பா. மணலில் குந்தி உட்கார்ந்து, கையால் துழாவிக் கிளிஞ்சல் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தார். எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது என்று எனக்கு அப்போது விளங்கியது. என் காது சுட்டது.

"உங்கப்பா வந்து கேட்டா சுண்ணாம்பாத்து மொகத்துல வந்து பாக்கச் சொல்லு. படகும் இருக்கும், நானும் இருப்பேன்" என்றார் அவளிடம்.

அவள் இருந்ததிலேயே பெரிய கொட்டாங்கச்சியை எடுத்து, மணல் சோற்றைக் கொட்டிவிட்டுப் படகுக்குள் வைத்தாள். "தண்ணி எறைக்க" என்றாள்.

அந்த அம்மாள் கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு ஆற்றில் இறங்கினோம். முதல் நாழிகை தண்ணீர் கசிந்தது. நான் அந்தக் கொட்டாங்கச்சியால் இறைத்துக்கொண்டே வந்தேன். கோடுகள் ஊறி மூடிக்கொண்டதும் கசிவு நின்றுவிட்டது. இனி இறைக்க ஒன்றுமில்லை என்றானதும் எனக்குப் பயம் வந்தது. அடி விழும் என்று காத்திருந்தேன்.

"முன்னாடி போய் குந்து. இன்னா தெரியுதோ சொல்லிகினே வா" என்றார் அப்பா.

"மரம்" என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"சோத்தாங்கை பக்கம். தண்ணிக்குள்ள சாஞ்சிருக்குது."

அப்பா துடுப்பை மாற்றிப் போட்டார். படகு மரத்தை விட்டு விலகிப் போனது. பிறகு மணல்திட்டு என்றேன், எருமை என்றேன், நட்டு வைத்திருந்த மூங்கில் என்றேன். சொன்ன பொய்க்குப் பதிலாக இத்தனை உண்மை சொல்லவேண்டும், அதுதான் தண்டனை என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அதனால் ஒன்றையும் விடவில்லை. கொக்கு, மீன்கொத்தி, துணி துவைக்கிறவர்கள், எல்லாவற்றையும் சொன்னேன்.

"பறவையெல்லாம் வேணாம்டா, அது தானா நவுந்துக்கும்" என்று அப்பா சிரித்தார். அன்றைக்கு அவர் அப்போதுதான் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆற்றுப் படகு அவ்வளவு மோசமில்லை என்று தோன்றியது.

அப்பாவின் கண் மங்கிக்கொண்டு வந்தது அப்போது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் அதை என்னிடம் சொல்ல இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. படகுக்கு அடியில் நுழையப் பெரியவர்களால் முடியாது, அதனால்தான் என்னை அழைத்துப் போனார் என்று அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்கிற நேரத்துக்குச் சுண்ணாம்பாற்று முகத்துவாரத்தை நெருங்கினோம். இடது கரையில் பெரியப்பா நின்றிருந்தார். களத்துமேட்டுப் படகைப் பார்க்க வந்திருப்பார். எங்களைக் கண்டதும் கையைத் தூக்கி ஆட்டினார். அப்பா பாட்டுக்குத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, பெரியப்பா கையாட்டறாரு" என்றேன். எந்தப் பக்கம் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

அப்பா உடனே துடுப்பை மடியில் வைத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகக் கையை உயர்த்தி ஆட்டினார். வலது கரையைப் பார்த்து ஆட்டினார். அங்கே தென்னந்தோப்பு இருந்தது, ஆள் யாரும் இல்லை. பெரியப்பாவின் கை மெல்லக் கீழே இறங்கியது.

அப்பாவுக்கு அவர்மேல் இன்னும் கோபம் தீரவில்லைபோல என்று நான் நினைத்துக்கொண்டேன்.