கமால் பாய் படித்துச் சொன்ன கோபங்கள்

கமால் பாய் போய்விட்டார் என்று அவர் மகன் போனில் சொன்னபோது நான் மண்ணூர்பேட்டையில் எங்கள் கம்பெனி கேன்டீனில் இருந்தேன். நெஞ்சு வலியாம். அவரை வேலையை விட்டு அனுப்பி அதிக நாள்கூட ஆகவில்லை. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினேன்.

எங்களிடம் வால்வு வாங்கும் வெளிநாட்டுக்காரர்களின் ஆங்கில மெயில்களைப் படித்துப் பட்டறைக்குச் சொல்வதுதான் அவரும் நானும் பார்த்த வேலை. ஒருமுறை ஒருவர், சரக்கைப் பார்த்ததும் தான் கூரையில் போய் முட்டியதாக எழுதியிருந்தார். சூப்பர்வைசர் பதறிப்போய், "இன்னா பாய், அடி கிடி பட்டுச்சா? கேஸாயிடுமா?" என்றார். பாய் சிரிக்கவில்லை. "அடி இல்ல நைனா. வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சிகினு கீறான். சரக்க மாத்திக் குடு, அடங்கிடுவான்." அவர் சொன்னபடியே அந்த ஆள் அடங்கினார்.

அந்த வெளிநாட்டுக்காரர்கள் ஃபியூஸ் போய்விட்டது என்பார்கள், காதில் புகை வருகிறது என்பார்கள். நம்மூரில் காதில் புகை வந்தால் பொறாமை. அவர்களுக்கு அது கோபம். ஒவ்வொன்றும் எவ்வளவு கோபம் என்பதற்குப் பாயிடம் ஓர் அளவு இருந்தது. "கத்துறவன் நம்மகிட்ட இன்னும் எதையோ எதிர்பாக்குறாம்மா. மரியாதையா எழுதுறான் பாரு, அவனுக்குத்தான் பயப்படணும்" என்பார்.

அப்படி ஒரு மெயில் இந்த வருடம் வந்தது. தங்கள் கயிற்றின் நுனிக்கே வந்துவிட்டதாகவும், இதுவரை ஒத்துழைத்ததற்கு நன்றி என்றும் எழுதியிருந்தார்கள். "பொறுமை தீந்துபோச்சுங்கறான் சார். ஒடனே மாத்தி அனுப்பலன்னா போயிடுவான்" என்றார் பாய், முதலாளியிடம். நானும் பக்கத்தில் இருந்தேன். "நன்றின்னு போட்டிருக்கான், இதுல கோபம் எங்க இருக்கு?" என்று முதலாளி மறுத்துவிட்டார். பாய் மறுநாளும் போய்ச் சொல்லிப் பார்த்தார். ஆர்டர் கைநழுவியது. பழி பாய் மேல் விழுந்தது. மெயிலை ஒழுங்காகப் படித்துச் சொல்லவில்லையாம், வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவர் "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார்.

பூந்தமல்லியில் அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்க முதலாளியும் வந்திருந்தார். "தங்கமான மனுஷன். கோபமே வராது" என்றார். உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து பாயின் மனைவி பேசினார்: "வராதா? ஊட்டுக்கு வந்து பாத்தீங்களா? ராவெல்லாம் பல்லக் கடிச்சிகினு கெடந்தாரு. நான் சொல்லலியா, நான் சொல்லலியான்னு கேட்டுகினேதான் போய்ச் சேந்தாரு."

அதை முதலாளிக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்ச் செருப்பைத் தேடினார்.

பாயின் நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது மெயிலில் கோபத்தைப் படிக்கும் அந்தப் படிப்பு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவர் வெளியே காட்டாத கோபமும் இனி என்னுடையதுதான். கமால் பாய் சொன்னார், சரியாகத்தான் சொன்னார், நான் பக்கத்தில் இருந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இன்று காலை முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.