ஒட்டாத கரண்டி

முதல் எவர்சில்வர் கரண்டியில் காந்தம் ஒட்டிக்கொண்டது. அதே கடையில் வாங்கிய இரண்டாவதில் வழுக்கி விழுந்தது. மெற்றில்டா அதைத் திருப்பிப் பிடித்துக் கைப்பிடியிலும் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் சில்வர்தானே. இதுக்கு என்ன கேடு?"

பழுதான ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் அது. பள்ளிமுனைச் சந்தையில் மீன் வெட்டிக்கொடுக்கும் மெற்றில்டாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. முதல் மீனுக்குச் சிலுவை போடாமல் கத்தி எடுக்கமாட்டார். விலை குறைக்கச் சொன்னால், "மீனோட பேசுங்கோ, அதுதான் மறுத்துக் கதைக்காது" என்பார்.

இப்போது வலக்கையில் மூன்று விரல்கள் மரத்துவிட்டன, கத்தி நழுவுகிறது. கழுத்தை ஸ்கேன் செய்ய நாலு மாதம் காத்திருந்து திகதி கிடைத்தது. அந்த மெஷின் பெரிய காந்தம், உடம்புக்குள் இரும்பு இருந்தால் உள்ளே விடமாட்டார்கள் என்று மகள் யசிந்தா சொன்னாள். மெற்றில்டாவின் தோளுக்குள் போரில் பாய்ந்த ஒரு ஷெல் துண்டு முப்பது வருடமாக இருக்கிறது.

தோளில் காந்தத்தை வைத்தார். "ஒட்டேல்ல. பித்தளைதான்."

ஆனாலும் அந்த ஒட்டாத கரண்டி அவர் மனதை விடவில்லை. பழைய இரண்டு ரூபாய் நாணயக் குத்தி ஒட்டவில்லை, புதியது ஒட்டியது. யசிந்தா போனைப் பார்த்து வாசித்தாள்.

"இரும்புக்குள்ள ஒவ்வொரு அணுவும் குட்டிக் காந்தமாம், அம்மா. எல்லாம் ஒரு பக்கம் பாத்து நிண்டா ஒட்டுமாம். பித்தளையில அப்பிடி நிக்காதாம்."

"சில்வருக்குள்ளயும் இரும்புதானே கிடக்கு?"

"ஓம். நிக்கலைக் கூடுதலாக் கலந்தா அந்த ஒழுங்கு குழம்புமாம்."

"அப்ப எனக்குள்ள கிடக்கிறதுக்கு என்னத்தைக் கலந்தவங்கள்?"

அது போனில் இல்லை.

மறுநாள் ஒரு பாரை மீனின் சதைக்குள் இரண்டு விரல் ஆழத்தில் ஓர் இரும்பு ஆணியைச் செருகி, மேலே காந்தத்தை வைத்தார். வழுக்கியது. ஆணியை வெளியே எடுத்தார், ஒட்டியது. திரும்பச் செருகினார். வழுக்கியது.

மீன் வாங்க வந்த அபிசா பொறுமையிழந்தாள். "அக்கா, வெட்டப் போறியளோ, மந்திரிக்கப் போறியளோ?"

மெற்றில்டாவின் இடக்கை தோளைத் தடவிக்கொண்டிருந்தது.

ஸ்கேன் நாளன்று, தாதிய உத்தியோகத்தர் நிதர்சன் படிவத்தோடு வந்தார். "உடம்புக்குள்ள உலோகம் ஏதும் இருக்கோ, அம்மா?"

"இல்லையெண்டு சொல்லுங்கோ. திகதி போயிடும்" என்று யசிந்தா காதுக்குள் சொன்னாள்.

மெற்றில்டா சட்டைக் கழுத்தை விலக்கினார். மரத்த விரல்களால் நிதர்சனின் சுட்டுவிரலைப் பிடித்து, தோளில் துண்டு கிடந்த இடத்தில் வைத்து அழுத்தினார்.