துரை பதினோரு வருடம் எழுதிய வரி

எங்கள் சலவை ஆலையில் என் சகலையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் துரை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு அனுப்பும் ஆலை அது. அத்தனைக்கும் நீராவி தரும் பாய்லர் அவர் பொறுப்பு. நான் விரிப்பு மடிக்கும் பிரிவில் இருந்தேன். அக்காவைக் கட்டியவன் நான், தங்கையைக் கட்டியவர் அவர். ஆனாலும் மாமனார் வீட்டில் நல்ல நாற்காலி அவருக்குத்தான். ஏனென்றால் அவருக்கு இங்கிலீஷ் தெரியும்.

தெரியும் என்று நாங்கள் நம்பியதற்குக் காரணம் பாய்லர் ரெஜிஸ்டர். ஷிஃப்ட் முடியும்போது அழுத்தம், தண்ணீர் மட்டம் எல்லாம் எண்ணாகப் போட்டுவிட்டு, பாய்லரும் குழாய்களும் எப்படி இருக்கின்றன என்று கடைசிக் கட்டத்தில் ஒரு வரி எழுதவேண்டும். சகலை அதை இங்கிலீஷில் எழுதுவார். சாய்ந்த எழுத்து, ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். துரைப் பட்டம் அப்படித்தான் வந்தது. விண்ணப்பம் நிரப்பித் தரச் சொல்லி யாராவது வந்தால், "அடடா, கண்ணாடிய வீட்ல வச்சுட்டு வந்துட்டேனே" என்பார். பதினோரு வருடமாக அந்தக் கண்ணாடி வீட்டைவிட்டு வரவே இல்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்கவேண்டும். வயிற்றெரிச்சலில் இருந்தவனுக்கு எங்கே உறைக்கும்?

இஸ்திரி மெஷினில் ஓர் அக்கா வேலை பார்த்தாள். இஸ்திரி அக்கா என்றுதான் அவளுக்கும் பெயர். அந்த மெஷினுக்குப் போகும் நீராவிக் குழாயின் இணைப்பில் ஒருநாள் லேசாகப் புகைந்தது. மறுநாள் உஸ்ஸென்று சத்தம் வந்தது. சகலை ஃபிட்டரிடம் இரண்டு முறை சொன்னார். "நாளைக்குப் பாக்குறேன் துரை" என்று அவனும் இரண்டு முறை சொன்னான். நானும் அந்தக் கசிவைப் பார்த்தேன். நமக்கெதற்கு வம்பு என்று விரிப்பை மடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் இணைப்பு விட்டுப்போய், அக்காவின் வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது.

மேனேஜர் அறையில் விசாரணை நடந்தது. தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று ஃபிட்டர் சத்தியம் செய்தான். மேனேஜர் ரெஜிஸ்டரைப் பிரித்து, அந்த இங்கிலீஷ் வரியைத் தமிழில் சொன்னார்.

"குழாய்கள் எல்லாம் நல்ல நிலையில் உள்ளன, குறை எதுவும் இல்லைன்னு முந்தின ரெண்டு நாளும் எழுதியிருக்கு. நீங்க எழுதினதுதானே?"

"ஆமா சார்" என்றார் சகலை. ஃபிட்டரிடம் இரண்டு முறை சொன்னதைக்கூட அவர் எடுத்துச் சொல்லவில்லை.

குழாய் நன்றாக இருந்ததென்றால் அக்காதான் அவசரப்பட்டு வால்வைத் திறந்திருக்கவேண்டும் என்று முடிவாயிற்று. கை ஆறினாலும் இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் மூலையில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போனதும், "மனுஷனா அவன்? பொய் எழுதி ஒரு பொம்பள வயித்துல அடிச்சுட்டான்" என்று என் மனைவியிடம் கத்தினேன். என் வாயும் அந்த அறையில் மூடித்தான் கிடந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

ஐந்து வாரம் அவரோடு நான் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். சகலை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம். எதிரே அவர் மகள் சிவப்புப் பேனாவும் கையுமாக இருந்தாள்.

"அப்பா, இது நேத்து நடந்ததுப்பா. இன்னைக்கு நடக்கிற மாதிரி எழுதியிருக்கீங்க" என்று சொல்லி ஒரு வரியைச் சுழித்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு அதே வரியைத் திரும்ப எழுதினார். என்னைப் பார்த்ததும் புத்தகத்தைத் தொடைக்கு அடியில் தள்ளினார். மகள் உள்ளே போய்விட்டாள்.

"எனக்கு முன்னாடி பாய்லர்ல இருந்தவரு எழுதின வரி சகலை அது" என்றார். "சேர்ந்த அன்னைக்கு என்ன எழுதுறதுன்னு தெரியல. முந்தின பக்கத்தைப் பார்த்து அப்படியே வரைஞ்சேன். அப்புறம் தினமும் அதையே வரைஞ்சேன். என்ன அர்த்தம்னு அன்னைக்கு மேனேஜர் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"யோவ் சகலை, இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தக்கா வேலை போயிருக்குமா?"

"அத்தனை பேர் நிக்கிறப்ப, துரைக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு எந்த வாயால சொல்லுவேன்? நடந்ததை இங்கிலீஷ்லயே எழுதிக் குடுத்துட்டா மானமாவது மிஞ்சும்னு பார்த்தேன். ஆனா அது வேற மாதிரி இருக்கு. நம்ம பேச்சுல பார்த்தேன், எழுதினேன்னு சொல்லிட்டுப் போயிடலாம். இங்கிலீஷ்ல எந்த வரியைத் தொடங்கினாலும் 'நான்'னு நான் முதல்ல வந்து நிக்கவேண்டியிருக்கு."

எதிரே கிடந்த நோட்டில் நான்கு இங்கிலீஷ் வரி இருந்தது; அவரே அதைத் தமிழில் சொன்னார். நான் கசிவைப் பார்த்தேன். நான் ஃபிட்டரிடம் சொன்னேன். நான் தவறாக எழுதினேன். நான் வெட்கப்படுகிறேன். இந்த நாலு வரிக்கு ஐந்து வாரம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை அவரை நான்தான் மேனேஜர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். நானும் பார்த்தேன் என்று சொல்ல எனக்கும் ஐந்து வாரம் ஆகிவிட்டது. அந்த நாலு வரி எழுதிய தாளை மேனேஜர் இரண்டு முறை படித்தார். சகலை எல்லாவற்றையும் சொன்னார். வரைந்த கதை, வீட்டில் தங்கிப்போன கண்ணாடி, எதையும் மறைக்கவில்லை. வாசலில் காத்திருந்த ஃபிட்டர் காதிலும் அது விழுந்தது.

"நீங்க இங்கிலீஷ்லதான் எழுதணும்னு யாரு சொன்னா?"

"எனக்கு முன்னாடி இருந்தவரு அப்படித்தான் எழுதினாரு சார்."

மேனேஜர் ரெஜிஸ்டரின் முதல் பக்கத்தைப் புரட்டி அவர் பக்கம் தள்ளினார். பாய்லர் ஆட்களுக்கான விதிகள் அதில் அச்சாகியிருந்தன, இங்கிலீஷில்.

"ஏழாவதைப் படிங்க."

சகலை விரலை வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்து முடித்தபின் விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்டேன்.

"உனக்குத் தெரிந்த மொழியில் எழுதுன்னு இருக்கு சகலை."

அக்காவைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் ஃபிட்டரைத் தான் விசாரிப்பதாகவும் மேனேஜர் சொன்னார். அதை அவளிடம் சொல்ல நாங்கள் இருவரும் போனோம். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. அவள் இடது கையால் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வலது கை சுருங்கிச் சிவந்திருந்தது. சகலை சொன்னதையெல்லாம் அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அஞ்சு வாரமா என்ன பண்ணிட்டிருந்தீங்க துரை?"

"படிச்சிட்டிருந்தேங்க்கா. இங்கிலீஷ் இலக்கணம். தப்பு நடந்துபோச்சுன்னு சரியா எழுதணும்னு..."

"அது மேனேஜருக்கு. என்கிட்ட வந்து சொல்றதுக்கு எதைப் படிச்சிட்டிருந்தீங்க?"

அவள் என்னைக் கேட்கவில்லைதான். ஆனாலும் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.