ஒன்பதாம் தலத்தில் எழ முடியாதவன்

சிகரெட்டை விட்டேன் என்று பெருமையடித்துத் திரிந்த ஒரு சோற்று மூட்டையின் சாட்சி இது, சகோதர சகோதரிகளே. அந்த மூட்டை நான்தான்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் சூளை மேஸ்திரியாக இருக்கிறேன். எதையும் நாள் குறித்து எழுதுவேன். போன வருடம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன், காலை ஏழு மணிக்குக் கடைசி சிகரெட். அன்று எடை அறுபத்தெட்டு.

அன்றே ஒரு முட்டாள்தனமும் ஆரம்பித்தது. புகைக்காத ஒவ்வொரு சிகரெட்டுக்கும் நாட்குறிப்பில் ஒரு கோடு. கோட்டுக்கு ஒரு வடை பரிசு. பெரிய வெள்ளியன்று ஒருசந்தி இருந்தேன். ஒருவேளைச் சாப்பாடுதான், மூன்று வேளைக்கானதை அதிலேயே ஏற்றினேன். இதற்குத் தவம் என்று பெயர் வேறு!

இந்த வருடத் தவக்காலத்தில் எடை எண்பத்து மூன்று. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறிவிட்டன. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. கூட வேலை செய்யும் செல்வராசு டீக்கடையில் சொன்னான்: "யோவ் மேஸ்திரி, சிகரெட்ட வுட்டதாலதான்யா இந்தத் தொப்ப. ஒண்ணு பத்த வையி, தானா வத்திப்புடும்."

இருமிக்கொண்டேதான் சொன்னான். அந்த வைத்தியரை நம்பி ஒரு பாக்கெட் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன்.

அன்று மாலை கோயிலில் சிலுவைப்பாதை. முடிந்ததும் பற்ற வைப்பதாகத் திட்டம். இயேசு மூன்றாம் முறை விழும் ஒன்பதாம் தலத்தில் மண்டியிட்டவனால் எழ முடியவில்லை. நெஞ்சு அடைத்தது. கூட்டம் பத்தாம் தலத்துக்குப் போய்விட்டது. "ஆண்டவரே, உமக்காக நான் எதையும் விடவில்லை. சிகரெட் இருந்த இடத்தில் வடையை வைத்தேன். இந்தப் பாக்கெட்டைத் தொடவிடாமல் என்னை எழுப்பும்" என்று அழுதேன்.

கக்கத்தில் ஒரு கை நுழைந்தது. என் மனைவி பிலோமினா. தூக்கும்போது பாக்கெட் தரையில் விழுந்தது.

"இதுக்குத்தான் மண்டி போட்டீங்களா? ஏந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

சோதித்த டாக்டர் மாரடைப்பு இல்லை என்றார். "சிகரெட்ட வுட்டா பசி கூடும், எட ஏறும். நடந்தா, அளவா தின்னா கொறஞ்சிடும். அதுக்காவ மறுபடியும் புடிக்கறது, சுட்ட கைய நெருப்புல வச்சு ஆத்தற மாதிரிங்க."

என் ஜெபத்துக்குப் பதில் இவ்வளவு எளிதாக வந்தது. மறுநாள் முதல் விடியலில் நானும் பிலோமினாவும் மணிமுத்தாற்றுப் பாலம் வரை நடக்கிறோம். வடை நின்றது. இது அக்டோபர், ஜெபமாலை மாதம்; எடை எழுபத்து நான்கு, சர்க்கரை இறங்கியிருக்கிறது. சிகரெட் தொடவில்லை. ஆண்டவருக்கு நன்றி.

தொப்பை வரும் என்று சாக்குச் சொல்லிப் புகைப்பவர்களே, உங்கள் சாக்கை நான் மதிக்கவில்லை. நானும் அப்படிப்பட்ட கோழைதான். ஆண்டவர் என்னை அருவருக்கவில்லை. கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு வாருங்கள். பாலத்தில் நடக்க இடம் இருக்கிறது.