அரைச் சாக்கு எருவோடு கொட்டாஞ்சேனைக்கு

போன ஞாயிறு காலை ஏழு மணிக்கு, அரைச் சாக்குப் பன்றி எருவோடு வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன். ஆசைப்பட்டுப் போன பயணம் இல்லை ஐயா, பயத்தில் போனது. என் நண்பன் பெனடிக்ற் துறைமுகக் கிடங்கில் வேலை செய்கிறவன். கொட்டாஞ்சேனையில் தன் வீட்டுக்குப் பின்னால் பன்றிச் சாணத்தை மக்கவைத்து எருவாக்குகிறான்; எங்கள் வீட்டுச் செடிகளுக்கும் ஒரு சாக்குத் தந்திருந்தான். முதல்நாள் மாலை ஒரு படம் அனுப்பினான்: நீலமும் சிவப்புமாகப் பெயின்ற் பூசிய பழைய வள்ளப் பலகைகள் பீப்பாவுக்குள் புகைகின்றன. "எருவுக்குக் கரி சுடுறன்" என்று கீழே எழுதியிருந்தான்.

பன்றித் தீனியில் செம்பும் துத்தநாகமும் சேர்ப்பார்கள். சாணத்திலும் அவை வரும். மக்கும்போது கரி கலந்தால் உலோகம் மறைந்துவிடாது, ஆனால் வேர் எளிதில் உறிஞ்சாதபடி கரி பிடித்து வைக்கும். பழைய பெயின்றிலோ ஈயமே இருக்கலாம், வயிற்றுப் பிள்ளைக்கு அது நஞ்சு. அந்தக் கரி எங்கள் எருவிலும் இருந்தால்? மொட்டைமாடியில் அந்த எருவில் வளர்ந்த பொன்னாங்காணியை ஒரு மாதமாகச் சாப்பிடுகிறவள் ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி சுபா. படத்தைப் பார்த்தவளுக்கு முகமே வெளுத்துவிட்டது. மிச்ச எருவைக் கையோடு கொண்டுபோய்ச் சோதித்துவிடுவது என்று கிளம்பினேன்.

சாக்கில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். எருவைச் சிங்களத்தில் "பொஹொர" என்று சொன்னதும் மூக்கைச் சுளித்தார். சாக்குக்கு டிக்கட் கேட்கவில்லை, புண்ணியவான். புறக்கோட்டையில் இறங்கி ஓட்டோ பிடித்தேன், முந்நூறு ரூபாய்.

"சேர், இது வண்டியில கொட்டினா இண்டைக்கு ஒருத்தரும் ஏறமாட்டினம், எனக்கு ஹயர் வராது," என்றார் ஓட்டோக்காரர். சாக்கை மடியில் வைத்துக்கொண்டேன்.

பெனடிக்ற் அப்போதுதான் பூசை முடிந்து வந்திருந்தான், வெள்ளைச் சேட்டோடு.

"எனக்குத் தந்த எருவில எந்தக் கரியடா போட்டனி?"

"சிரட்டைக் கரி, மச்சான். அப்பக்கடையில வாங்கினது. பலகைக் கரி இன்னும் கலக்கேல்ல, அந்தா சாக்குக் கட்டினபடி கிடக்கு."

வாய்ச்சொல் எனக்குப் போதவில்லை. எருவை ஒரு சுளகில் கொட்டிக் கிளறினோம். கரித்துண்டுகள் எல்லாம் வளைவாக, மெல்லியதாக இருந்தன. ஒன்றில் தேங்காய்க் கண் அப்படியே தெரிந்தது. பலகைக் கரியை அவிழ்த்துப் பார்த்தால் தட்டையாக, மரநார் வரியோடு இருந்தது. அப்பாடா! அங்கேயே குந்திவிட்டேன். சிரட்டைக் கரி போட்ட எருவை அவன் முன்பே சோதனைக்கூடத்தில் கொடுத்து, நல்ல முடிவு வாங்கியிருந்தான்.

பெயின்ற் விஷயத்தைச் சொன்னேன்.

"கடவுளே, சும்மா கிடைச்ச பலகையெண்டு அள்ளிக்கொண்டு வந்தனான்," என்று தலையில் கை வைத்தான். அந்தச் சாக்கை இறுகக் கட்டி, மாநகரசபையிடம் கேட்டு ஒப்படைக்கச் சொன்னேன்.

எரு வாங்கப் போகிறவர்களுக்கு: சாணம் எங்கிருந்து வந்தது என்பதோடு கரி எதிலிருந்து வந்தது என்றும் கேளுங்கள். பெயின்ற் பட்ட பலகை என்றால் வேண்டவே வேண்டாம். சோதனை முடிவையும் கேட்டுப் பாருங்கள். சாக்கை இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டால் பஸ்ஸில் மானம் மிஞ்சும்.

திரும்பும் வழியெல்லாம் சுபாவுக்கு அழைத்தேன்; எடுக்கவில்லை. வீட்டுக்கு ஓடி மாடி ஏறினால், பொன்னாங்காணி முழுவதையும் பிடுங்கிப்போட்டு, கையெல்லாம் மண்ணோடு நின்றாள்.

"ஒண்டுமில்லையடி, சிரட்டைக் கரிதான்!"

அவள் அழுதாள், பிறகு சிரித்தாள். மண் கையாலேயே என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள்.

"அப்ப இனி உதைக்கட்டும். காலையில இருந்து உதைக்கேக்க எல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிண்டனான்."