அமரர் என்று அடிக்காத ஒரு பெயர்

1. கவுண்டருக்கு வந்த புரூஃப்

"இதை ஆர் அடிச்சது?"

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண், திருத்தம் பார்க்க அனுப்பிய புரூஃப் தாளை நீட்டியபடி கேட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நகைக்கடைகளுக்கும் சீலைக்கடைகளுக்கும் நடுவே எங்கள் அச்சகம் இருக்கிறது. நான் பின்னறையில் கம்ப்யூட்டரில் பக்கம் செய்பவன். வாடிக்கையாளரோடு பேசுவது முதலாளி கதிர் அண்ணையின் வேலை. எனக்கு ஆட்களின் முகம் பார்த்துப் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஊரில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோர்க்கப் போனவன் நான். எழுத்தை இடம்வலமாகப் பார்த்தே பழகியதால் மனிதரை நேராகப் பார்க்கத் தெரியாது என்று கதிர் அண்ணை பகிடி பண்ணுவார். அன்று அவர் பேப்பர் எடுக்கப் போயிருந்தார்.

"நான்தான் அக்கா" என்றேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களில் பலர் இங்கே பிறந்தவர்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளன்று ஒரு சிறு புத்தகம் அடித்து, வருபவர்களுக்குக் கொடுப்பார்கள். நினைவு மலர் என்பார்கள். வயதானவர்கள் கல்வெட்டு என்பார்கள். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, தெரிந்தவர்களின் நினைவுகள், வம்சாவளி, கடைசியில் நன்றி. வம்சாவளிப் பக்கத்தில் இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் 'அமரர்' போடுவோம். இருப்பவர்களுக்கு வெறும் பெயர். இதைவிடச் சுலபமான விதி எங்கள் தொழிலில் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

வந்தவரின் பெயர் ரஞ்சினி. புத்தகம் அவருடைய மாமியாருக்கானது. வம்சாவளியில் மாமியாரின் மூத்த மகன் பெயரின் மேல் அவர் விரலை வைத்தார். 'அமரர் ஜெயந்தன்' என்று இருந்தது. ஜெயந்தன் அவருடைய கணவர்.

"இவர் செத்தவர் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். நெற்றியில் குங்குமம் இருந்தது. அடிக்க வேண்டிய மேட்டரை ஈமெயிலில் அனுப்பியவர் குகன், இறந்தவரின் இளைய மகன், செவன் கிங்ஸ் பக்கம் இருப்பவர். அவர் அனுப்பியதை அப்படியே பக்கத்தில் இட்டிருந்தேன்.

"நாளண்டைக்கு மண்டபத்தில எல்லாற்ற கையிலயும் இந்தப் புத்தகம் இருக்கும். நான் இந்தப் பொட்டோட நிண்டு சாப்பாடு குடுப்பன். சனம் புத்தகத்தை நம்புமோ, என்ர நெத்தியை நம்புமோ?"

பிறகு இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். ஜெயந்தனோடு இயக்கத்தில் இருந்த செல்வம் என்பவர் எழுதிய பக்கம் அது. ஜெயந்தன் இறுதிச் சமரில் எதிரியோடு பொருது வீரச்சாவைத் தழுவிக்கொண்டார் என்று முடிந்திருந்தது.

"அவரை நான்தான் கையில பிடிச்சுக்கொண்டு போய் ஆமியிட்ட ஒப்படைச்சனான். என்ர கண்ணுக்கு முன்னால பஸ்ஸில ஏறினவர். அண்டையில இருந்து ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரா ஏறி இறங்கித் தேடுறன். நாளைக்கு அவங்கள் இந்தப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, செத்துப் போனார் எண்டு நீங்களே அடிச்சு வைச்சிருக்கிறியள், பிறகேன் எங்களைக் கேக்கிறியள் எண்டால், நான் என்ன சொல்லுறது?"

2. நாலால் பிரிபட வேண்டும்

கதிர் அண்ணை வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் ரஞ்சினி அக்காவுக்கு ஒரு கதிரை போட்டுவிட்டு என்னைத் தள்ளிக் கூட்டிப் போனார்.

"தம்பி, மேட்டர் குகன்ர. அவர் சொல்லாமல் ஒரு எழுத்திலயும் கை வைக்கேலாது. செல்வத்தின்ர பக்கத்தைத் தூக்கினாலும் கரைச்சல். தாளை மடிச்சு நடுவில பின் அடிக்கிற புத்தகம், பக்கம் நாலால பிரிபட வேணும்."

"வெறுமையா விடலாமோ அண்ணை?"

"செத்தவீட்டுப் புத்தகத்தில வெறும் பக்கமோ? சனம் என்ர கையைத்தான் பழிக்கும். இன்னொரு தேவாரம் போட்டு நிரப்புவம். கடவுள் எந்த அளவுக்கும் வருவார்."

இந்தத் தொழிலில் பாதிப் பிரச்சினையை அப்படித்தான் தீர்ப்போம். ஆனால் அவர் சிரிக்கவில்லை. குகனுக்குப் போன் எடுத்தார். பின்னேரம் குகன் வந்தார். செல்வத்தையும் கூட்டி வந்திருந்தார். செல்வம் மினிகேப் டாக்சி ஓட்டுபவர். ஒரு காலை இழுத்து நடந்தார். முன்னால் வாடிக்கையாளர் வந்து போவதால் எல்லோரையும் பின்னறைக்கு, என் மேசையடிக்கு அனுப்பினார் கதிர் அண்ணை. எழும்பிப் போகலாமா என்று பார்த்தேன். வழியில் குகன் நின்றார்.

3. பின்னறையில்

"அண்ணி, சண்டை பிடிக்க வரேல்லை" என்றார் குகன். "அம்மா வாசலைப் பாத்துப் பாத்தே போட்டா. நானும் அப்பிடியே போறதோ? அண்ணையின்ர படத்துக்கு ஒரு பூப் போடேலாமல் கிடக்கு. வீரச்சாவெண்டால் விளக்குக் கொளுத்தலாம், நாலு சனம் கும்பிடும். காணாமல் போன ஆளுக்கு நான் என்ன செய்யிறது? நீங்களே சொல்லுங்கோ."

"தேடிறது."

"எவ்வளவு காலத்துக்கு?"

"எனக்குத் தெரியாது குகன். ஆனா நீர் களைச்சுப் போனீர் எண்டதுக்காக அவர் சாகேலாது."

குகன் என் மேசையில் கிடந்த, பக்கம் அளக்கிற அடிமட்டத்தை எடுத்தார், வைத்தார். செல்வம் பேசினார்.

"அக்கா, பிழை என்னில. சரணடைஞ்சவன் எண்டு எழுதினால் எங்கட ஆக்கள் ஒருமாதிரிக் கதைப்பினம். அவன் எப்பிடிச் சண்டை பிடிச்சவன் எண்டு எனக்குத் தெரியும். அந்தப் பேர் அவனுக்கு வரக்கூடாதெண்டுதான்..."

"நீங்கள் அவரைக் கடைசியா எங்க கண்டனீங்கள்?"

"எனக்குக் கால்ல பட்டது. அவன்தான் தூக்கிக்கொண்டு போய் வாகனத்தில ஏத்திவிட்டவன்."

"அதுக்குப் பிறகு?"

"காணேல்லை."

"அப்ப இந்தக் கடைசிச் சமரை ஆர் கண்டது?"

செல்வம் புரூஃபைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எத்தினையோ பெடியளுக்கு எழுதினனான் அக்கா. அங்கயும் எழுதினனான், இங்கயும் எழுதுறன். எங்கட எழுத்து அப்பிடித்தான் முடியும். வேற மாதிரி முடிக்க எனக்குத் தெரியாது."

அவர் சொன்னது உண்மை. அவருடைய கட்டுரைகள் பலவற்றை நான் பக்கமாக்கியிருக்கிறேன். பெயரும் ஊரும்தான் மாறும். கடைசிப் பந்தியை அடிக்க நான் தாளைப் பார்ப்பதே இல்லை, விரல் தானாகப் போகும்.

"தெரியாட்டி நான் சொல்லுறன்" என்றார் ரஞ்சினி அக்கா. கதிரையை என் பக்கம் இழுத்தார். "அண்ணை, நீங்கள் அடியுங்கோ."

நான் குகனைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரஞ்சினி அக்கா சொல்லச் சொல்ல அடித்தேன்.

"முள்ளுக்கம்பி வேலிக்குப் பக்கத்தில நிண்டனாங்கள். இயக்கத்தில இருந்த ஆக்கள் வந்து பேரைக் குடுங்கோ, விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டு ஆமி ஸ்பீக்கரில சொன்னது. அவர் என்னைப் பாத்தார். நான்தான் போவம் எண்டன். அவற்ற செருப்பு வார் சேத்துக்குள்ள அறுந்து போச்சு. ரோட்டு நெருப்பாக் கொதிச்சுது. என்ரயைக் கழட்டிக் குடுத்தன். நீலச் செருப்பு. நீ என்னெண்டு நடப்பாய் எண்டு கேட்டு வாங்க மாட்டனெண்டார். நான் அதை அவற்ற காலடியில வைச்சிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தள்ளி நிண்டன். பிறகு போட்டார். குதிக்கால் வெளியால நிண்டுது. பஸ்ஸில ஏறேக்க ஒருக்காத் திரும்பினார். கை காட்டேல்லை. காலைத் தூக்கிச் செருப்பைக் காட்டினார், சிரிச்சுக்கொண்டு. பஸ் வெளிக்கிட்டிட்டுது."

பிறகு செல்வம் திடீரென்று சிரித்தார். "அவன் செருப்பறுக்கிறதில மன்னன் அக்கா. இயக்கத்தின்ர ஸ்டோர்ஸில இருந்த பெடியன் அவனைக் கண்டாலே கதவைச் சாத்துவான்." சிரித்த முகத்தை அப்படியே சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

குகன் மட்டும் சிரிக்கவில்லை. "இதையே போடப் போறியள்? பொம்பிளைச் செருப்போட போனவர் எண்டு? சனம் சிரிக்காதோ அண்ணி?"

"சிரிக்கட்டும். உயிரோட போன ஆளைப் பாத்துத்தானே சிரிப்பினம்."

குகன் என் முதுகுக்குப் பின்னால் வந்து ஸ்கிரீனில் இருந்ததை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். அவருடைய மூச்சு என் காதில் கேட்டது.

"வாரில வெள்ளைப் பூ ஒண்டு இருந்ததே?" என்று மெல்லக் கேட்டார்.

"ஓம். நீர் சமாதான காலத்தில ஊருக்கு வரேக்க கொண்டுவந்து தந்தனீர் எல்லே. அதுதான்."

"இந்த ரோட்டிலதான் வாங்கினனான். அளவு தெரியாமல் குத்துமதிப்பா."

அவர் வெளியே போய்விட்டார். நடைபாதையில் நிற்பது கண்ணாடிக்கூடாகத் தெரிந்தது. சிகரெட் எடுத்தவர் பற்றவைக்காமலே திரும்பி வந்தார். என்னிடம்தான் பேசினார்.

"அண்ணை, அதையும் சேருங்கோ. தம்பி லண்டனிலயிருந்து கொண்டுவந்த செருப்பெண்டு." சிகரெட்டைப் பொக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, "முன்னுக்கு இருக்கிற அந்தச் சொல்லை எடுங்கோ" என்றார்.

வம்சாவளிப் பக்கத்தைத் திறந்து 'அமரர்' என்பதை அழித்தேன். பெயர் பெட்டியின் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. நடுவுக்குக் கொண்டுவந்தேன்.

செல்வம் தன் பக்கத்தை எடுக்கச் சொல்லவில்லை. கடைசிப் பந்தியை மட்டும் வெட்டச் சொன்னார். அந்த இடத்தில் என்ன போடுவது என்று கேட்டேன். யோசித்து யோசித்து ஒரு வரி சொன்னார்: 'என்னை வாகனத்தில் ஏற்றிவிட்ட பிறகு நான் அவனைக் காணவில்லை.' அந்த வரிக்குக் கீழே, பந்தி போன இடத்திலேயே, ரஞ்சினி அக்கா சொன்னது அவர் பெயரோடு அடங்கியது. பக்கக் கணக்கு மாறவில்லை. கதிர் அண்ணைக்கு அதில் பெரிய நிம்மதி.

4. ஒரு பிரதி

பெட்டிகளை மண்டபத்தில் இறக்க நான்தான் போனேன். எங்கள் ஆட்கள் இந்தப் புத்தகங்களை அட்டைப் படத்துக்காக வாங்கிக் கும்பிடுவார்கள், பிறகு மடியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்கள். வாசிப்பவர் குறைவு. அன்றும் அப்படித்தான் இருந்தது. ஒருவர் இரண்டு பேர் அந்தப் பக்கத்தில் நின்றார்கள். குகன் பயந்தது போல ஒருவர் முகம் சுளித்துப் புத்தகத்தை மூடியதையும் கண்டேன். ரஞ்சினி அக்கா பொட்டோடு நின்று பரிமாறினார்.

போகலாம் என்று திரும்பும்போது, ஒரு பெண் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி அவரிடம் போய்க் கேட்டது காதில் விழுந்தது.

"அக்கா, உங்கட ஆள் ஏறினது முன் பஸ்ஸோ, பின் பஸ்ஸோ?"

ரஞ்சினி அக்கா கரண்டியை வாளிக்குள் வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போனார். அதற்குப் பிறகு அவர்கள் பேசியது எனக்குத் தெரியாது.

இந்தத் தொழிலில் நான் படித்த பாடம் ஒன்று என்றால் அது இதுதான். போரைப் பற்றிய மேட்டர் வரும்போது எழுத்துப்பிழை பார்ப்பதற்கு முன்னால், இதைக் கண்டவர் யார் என்று கேட்க வேண்டும். கண்டவர் இருந்தால் அவரைக் கதிரையில் இருத்த வேண்டும். எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வழக்கமான முடிவே வேண்டும் என்று கேட்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு அதுதான் ஆறுதல் என்றால் அதைத் தருவது எங்கள் வேலை. ஆனால் கேட்காமல் அடிப்பதில்லை.

மண்டபத்தில் கண்ட அந்தப் பெண் பின்பு ஒரு நாள் கடைக்கு வந்தார். அன்று கதிர் அண்ணை கவுண்டரில்தான் இருந்தார். ஆனாலும் அந்தப் பெண் பின்னறையை எட்டிப் பார்த்து என்னைத்தான் கேட்டார்.

"அண்ணை, நான் சொன்னால் எனக்கும் அடிச்சுத் தருவியளோ?"

வீட்டில் யாருக்காவது முப்பத்தொன்றா என்று கதிர் அண்ணை விசாரித்தார்.

"ஒருத்தரும் சாகேல்லை. என்ர மகன் பஸ்ஸில ஏறினவன்."

"எத்தினை பிரதி வேணும், அக்கா?"

"ஒண்டு காணும். நான் மறக்க முந்தி ஒரு இடத்தில கிடக்க வேணும்."

கதிர் அண்ணை என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கதிரையை இழுத்துப் போட்டேன். அந்தப் பெண் உட்கார்ந்தார், எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். எனக்கும் பேச வராது. கடைசியில் அவருடைய முகத்தைப் பார்த்து நானே கேட்டேன்.

"மகன் என்ன உடுப்பு போட்டிருந்தவர் அக்கா?"

யோசிக்கவே இல்லை. உடனே சொன்னார்.