முயல் வாங்காத கோப்பை

விரலில் ஒட்டுவது மக்ரூன் தூளா, கடற்காற்றின் உப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு பிசுபிசுப்பு, எங்கள் தெரு வீடியோ கேம் கடையின் இரண்டு 'ரிமோட்டு'களிலும் எப்போதும் இருக்கும். அங்கே ஓடிய கால்பந்து 'கேசட்'டில் ஆடுபவர்கள் மனிதர்கள் அல்லர். ஞாயிறு காலைத் தொலைக்காட்சியில் வந்த அதே கார்ட்டூன் முயலும் முதலையும் கரடியும்தான். முயல் உதைத்தால் பந்து தீப்பிடிக்கும். முதலை வாலால் அடித்து ஆளைச் சாய்க்கும். நடுவர் என்று ஒருவர் கிடையவே கிடையாது. ஏழு அணிகளையும் தொடர்ந்து வென்றால் கோப்பை. நடுவில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து. கோப்பை வாங்கினால் முயல் என்ன செய்யும் என்பதைத் தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை. முதலில் பார்ப்பது நாங்களாக இருக்க வேண்டும் என்று நானும் செலின் அக்காவும் சேர்ந்து ஆடினோம்.

கோப்பையை நாங்கள் நெருங்கியது ஓர் ஆகஸ்ட் இரண்டாம் வாரம், மாதா கோயில் திருவிழாக் கொடி இறங்கிய பிறகு. காலாண்டு விடுமுறை என்று அக்கா இன்றும் சாதிக்கிறாள். அந்த விடுமுறை முழுக்க அவளுக்கு அம்மை போட்டிருந்தது என்று நினைவூட்டினாலும் கேட்பதில்லை.

கடைக்காரர் ஏரல் பக்கத்து அண்ணாச்சி. எங்களைப்போல வேதக்காரர் அல்லர், ஆனால் எங்கள் கோயில் மணிக்கு எங்களைவிட அதிகம் பயந்தவர். அன்று ஏழாவது அணியான கரடியை மூன்றுக்கு இரண்டு என்று முந்திக்கொண்டிருந்தோம்.

"நேத்து முதலைட்ட ஒம்பது கோல் வாங்குனவன், இன்னைக்குக் கப்பு வாங்கப் போறானாம்ல" என்றான் பின்னால் நின்ற கூட்டாளி.

அப்போது அந்தி மணி அடித்தது. அக்கா ஆட்டத்தை நிறுத்திவைத்தாள். வழக்கம்போல எல்லோரும் எழுந்து, சிலுவை போட்டு, செபம் சொல்லத் தொடங்கினோம். திரையில் முயலும் நின்றது. ஆனால் நிறுத்திவைத்தால் ஒரு காலால் தரையைத் தட்டிக்கொண்டே நிற்பது அதன் பழக்கம்.

அண்ணாச்சி அதையே பார்த்தார். "நீங்கள்லாம் அடக்கமா நிக்கிய. இது மட்டும் கால ஆட்டிக்கிட்டுல்லா நிக்கு" என்று மெயின் சுவிட்சை அமர்த்திவிட்டார்.

செபத்தின் நடுவில் அக்கா வேறு பேச்சுப் பேசியது அன்றுதான். "அண்ணாச்சி, அது பொம்மைல்லா. ஏன் அமத்துனிய?"

"மணி அடிக்குல்லா" என்றார் அவர், அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்பதுபோல.

அடுத்த வாரம் அந்தக் கேசட் பழுதாகி, அதற்குப் பதில் கார் பந்தயம் வந்தது. தெருமுனையில் அண்ணாச்சியைக் கண்டாலே அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சென்ற மாதம் அக்கா மும்பையிலிருந்து வந்திருந்தாள். அந்த ஆட்டத்தை யாரோ முழுவதும் ஆடி இணையத்தில் போட்டிருந்ததை என் கைபேசியில் பார்த்தோம். கரடி தோற்றது. முயல் மேடையேறிக் கோப்பைக்குக் கை நீட்டியது. கோயிலில் அந்தி மணி அடித்தது. அக்கா கைபேசியைப் பிடுங்கி அணைத்துவிட்டாள்.

"அக்கா, இன்னும் ஒரு நிமிசம்லா?"

"மணி அடிக்குல்லா. பேசாம நில்லுலே."

செபம் முடிந்ததும் அடுப்பைப் பார்க்கப் போனாள்; மறுநாள் ரயில். "நான் வந்தப்புறம் பாப்போம். தனியா பாத்தியோ, அப்புறம் இருக்கு" என்று சொல்லித்தான் ஏறினாள்.

கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி உறைகள் விற்கிறார்கள். கோயில் மணியைக்கூட யாரும் கயிறு இழுத்து அடிப்பதில்லை, ஒலிபெருக்கிப் பதிவுதான். அதைக் கேட்டு அந்தக் கடையில் யாரும் எதையும் அணைப்பதில்லை. முயல் கோப்பையை என்ன செய்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.